பாரதம் புகட்டும் பாடம்

இந்தியா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் இரு வகையாகப் பேசுகின்றனர். ஒரு சாரார் அதனைத் தாய்வீடு என்று போற்றுகின்றனர். மறு சாரார் அதனை நம்பவொண்ணாத நாடு என்று தூற்றுகின்றனர். போற்றுபவர் சிதம்பரத்தையும் மதுரையையும் கண்டு வந்தவர்; தூற்றுபவர் 1987 ஒக்டோபர் முதல் 1990 மார்ச் வரை இக்குடாநாடு பட்ட துன்பத்தை மறக்கமாட்டாதவர். இரு சாராரின் உணர்ச்சிக்கும் தக்க காரணம் உண்டு. ஆயினும், ஒரு சிறு கடலுக்கு அப்பால் பரந்து கிடக்கும் அத்தேசத்தின் நிலம் எத்தகையது, அதன் ஆட்சி எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் பொருளாதாரம் எதனால் இயங்குகின்றது என்று வினவினால், இரு சாராருமே மௌனம் சாதிக்கின்றனர்.

இந்த அறியாமைக்கு நாம் விலை கொடுத்து வருகின்றோம். இந்நாட்டு மாகாண சபைச் சட்டம் இந்திய அரசியல் யாப்பைப் பார்த்து வரையப்பட்டது. நமது கமக்காரனின் வெண்காய விலையைப் பம்பாய்ப் பக்கத்துச் சந்தைகள் தீர்மானிக்கின்றன. நமது கடற்றொழிலாளி வலை வீசும் எல்லை, டில்லியும் கொழும்பும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் வகுக்கப்பட்டது. இத்தனை வழிகளில் நம் வாழ்வைத் தொடுகின்ற ஒரு நாட்டைப் பக்தியினாலும் அறிய முடியாது, பகையினாலும் அறிய முடியாது. படித்தே அறியவேண்டும்.

நிலமும் மக்களும்

இந்தியாவின் பரப்பு ஏறக்குறைய 32 இலட்சத்து 87 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கை போன்ற 50 தீவுகளை அதனுள் அடக்கலாம். தமிழ்நாடு ஒன்றே இலங்கையைப்போல் இரு மடங்கு. இராஜஸ்தான் ஐந்து மடங்கு. உலகிலேயே மிகுந்த மழை பெய்யும் மேகாலய மலைகளும் அங்கே உண்டு. தார்ப் பாலைவனமும் அங்கே உண்டு. யூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே அந்நாட்டின் ஆண்டு மழையில் முக்காற் பங்கைத் தருகின்றது. தமிழகத்தின் கீழைக் கரையோ, நமது குடாநாட்டைப்போல, வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்து வானத்தை நோக்கி நிற்கின்றது. விளைநிலத்தில் ஏறக்குறையப் பாதி இன்றும் மழையையே நம்பியிருக்கின்றது.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 121 கோடி. இன்று அத்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. 2023இல் சீனாவையும் மிஞ்சியது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பு. ஆனால் தொகையைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அந்நாட்டில் எந்த மொழியினரும் பாதிக்கு மேற்பட்டோர் அல்லர். பல கிளைமொழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டும் இந்தி பேசுவோர் நூற்றுக்கு 44 பேரே. தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 இலட்சம். அதாவது நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு.

இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்தவேண்டும். இந்தியாவில் நூற்றுக்கு ஆறு பேராகிய தமிழருக்குத் தமது மொழியில் நடைபெறும் அரசாங்கம் உண்டு. சட்டம் இயற்றும் சபை உண்டு. நிலத்தின்மீதும் பொலிசின்மீதும் அதிகாரம் உண்டு. இலங்கையில் தமிழ் பேசும் மக்கள், வடக்குக் கிழக்குத் தமிழரும் மலையகத் தமிழரும் முஸ்லிம் மக்களும் சேர்ந்து, ஏறக்குறைய நால்வரில் ஒருவர். நால்வரில் ஒருவராகிய நமக்கு உள்ளதென்ன? தொகை சிறிதாய் இருப்பதனால் உரிமை சிறிதாகிவிடுவதில்லை என்பதற்கு அயல்நாடே சாட்சி.

1956: பிரிந்த இரு பாதைகள்

இந்த உரிமை டில்லி மனமுவந்து அளித்த கொடையன்று. 1948இல் தார் ஆணைக்குழு மொழிவழி மாகாணங்கள் வேண்டாம் என்றது. அடுத்து நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய காங்கிரஸ் குழு, அதனைத் தள்ளிவைக்கவேண்டும் என்றது. மொழியின் பெயரால் நாடு துண்டுபடும் என்று அஞ்சினர். தெலுங்கு மக்களுக்குத் தனி மாகாணம் கேட்டுப் பட்டினி கிடந்த பொட்டி சிறீராமுலு 1952 டிசம்பரில் உயிர் துறந்தார். தெலுங்கு நாடு கொந்தளித்தது. 1953 ஒக்டோபர் 1ஆம் திகதி ஆந்திர இராச்சியம் பிறந்தது. பின்னர் பசல் அலி தலைமையிலான ஆணைக்குழு நாடெங்கும் விசாரித்து அறிக்கை சமர்ப்பித்தது. 1956 நவம்பர் 1ஆம் திகதி இந்தியாவின் வரைபடம் பெரும்பாலும் மொழிவழியே திருத்தி வரையப்பட்டது. குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அன்றுதான்.

அதே 1956ஆம் ஆண்டில் இலங்கை செய்ததென்ன? சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற 33ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்தவர்கள் தாக்கப்பட்டனர். ஒரே ஆண்டில், ஒரே வினாவுக்கு, இரு அயல்நாடுகள் நேர்மாறான இரு விடைகளை எழுதின. எந்த விடை சரியானது என்பதை அதன்பின் வந்த எழுபது ஆண்டுகள் காட்டிவிட்டன.

டில்லியும் பின்னர் தடுமாறியதுண்டு. 1965இல் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாகும் நாள் நெருங்கியபோது தமிழகம் பற்றி எரிந்தது. இந்தி பேசாத இராச்சியங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்று 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. திராவிட நாடு கேட்டுநின்ற திராவிட முன்னேற்றக் கழகம் 1963இலேயே பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. 1967இல் ஆட்சிக்கு வந்தது. 1969இல் சென்னை இராச்சியம் தமிழ்நாடு ஆயிற்று. பிற்காலத்தில் தமிழகக் கட்சிகள் டில்லி மந்திரிசபையிலேயே இடம் பெற்றன.

இங்கோ 1949 முதல் சமஷ்டி கேட்டோம். 1957இல் பண்டாரநாயக்காவுடன் ஓர் ஒப்பந்தம். 1958இல் அது கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் மற்றோர் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது. அங்கே பிரிவினை கேட்டவர்களைக் கூட்டாட்சிக்குள் அழைத்துக்கொண்டார்கள். இங்கே சமஷ்டி கேட்டவர்களைப் பிரிவினைக்குத் தள்ளிவிட்டார்கள். அதிகாரம் பகிர்ந்தால் நாடு உடையும் என்று இன்றும் பேசித் திரிவோர் இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிப்பாராக.

பெயரா, பொருளா?

இந்திய யாப்பின் முதலாவது உறுப்புரை அந்நாட்டை இராச்சியங்களின் ஒன்றியம் என்கின்றது. சமஷ்டி என்று அது தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒற்றையாட்சி என்றும் அழைத்துக்கொள்ளவில்லை. ஏழாம் அட்டவணை ஒன்றியப் பட்டியல், இராச்சியப் பட்டியல், பொதுப் பட்டியல் என அதிகாரங்களை மூன்றாகப் பிரித்துள்ளது. பாதுகாப்பு, வெளிவிவகாரம், நாணயம் முதலியன டில்லிக்கு உரியன. பொலிசு, நிலம், விவசாயம், மீன்பிடி ஆகியன இராச்சியங்களுக்கு உரியன.

1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாக, அதே ஆண்டு நவம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் நமது யாப்பில் ஏறியது. தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்று 31 ஆண்டுகளுக்குப் பின் எழுதினார்கள். அங்குள்ளதைப் போலவே மூன்று பட்டியல்களையும் எழுதினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சட்டம் கற்றவர் உட்பொருளைப் பார்க்கவேண்டும்.

முதலாவதாக, நமது யாப்பின் இரண்டாம் உறுப்புரை இது ஒற்றையாட்சி நாடு என்கின்றது. உச்ச நீதிமன்றம் 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தை ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டதும், அத்திருத்தம் ஒற்றையாட்சியைக் குலைக்கவில்லை என்று கண்டமையினாலேயே. இரண்டாவதாக, மத்திக்கு ஒதுக்கிய பட்டியலின் தலைப்பிலேயே, எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை மத்திக்கே உரியது என்று எழுதிவைத்தார்கள். கொடுத்த ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாசல் அதுவே. மூன்றாவதாக, நிலம் மாகாணப் பட்டியலில் இருந்தபோதிலும் அரச காணி குடியரசுக்கே உரியது என்று பின்னிணைப்பு கூறியது. காணிக் கொள்கையை வகுக்க மாகாணப் பிரதிநிதிகளும் அடங்கிய தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமையும் என்றார்கள். பத்தாண்டுகள் பல கடந்தும் அது அமையவில்லை. அரச காணி அதிகாரம் மத்தியிடமே உள்ளது என்று 2013 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நான்காவதாக, சனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையிலேயே நிறைவேற்று அதிகாரம் வைக்கப்பட்டது.

2006இல் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2013இல் முதன்முறை தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

குறைகளையும் காண்போம்

இவ்வாறு கூறுவதனால் இந்திய ஏற்பாடு குறைவற்றது என்று எவரும் கொள்ளவேண்டாம். மூன்றாம் உறுப்புரையின்படி எந்த இராச்சியத்தின் எல்லையையும் பாராளுமன்றம் மாற்றலாம். இராச்சிய சபையின் கருத்தைக் கேட்கவேண்டுமேயன்றி அதன் சம்மதத்தைப் பெறவேண்டியதில்லை. 2019இல் காஷ்மீரின் விசேட அந்தஸ்து நீக்கப்பட்டு, அது இரு ஒன்றியப் பிரதேசங்களாக மாற்றப்பட்டபோது, அங்கு மக்கள் தெரிவுசெய்த சபையே இருக்கவில்லை. 356ஆம் உறுப்புரையைக் காட்டி டில்லி இராச்சிய அரசாங்கங்களைக் கலைத்த வரலாறு நீண்டது. 1959இல் கேரளமும், 1976இலும் 1991இலும் தமிழ்நாடும் அதற்கு இரையாயின. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் இட்டபின்னரே அவ்வழக்கம் பெரிதும் அடங்கியது. 1975 முதல் 1977 வரை அவசரகால நிலையின் கீழ் சனநாயகமே மூச்சுத் திணறியது. அந்நாளில்தான் கல்வி இராச்சியப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயிற்று.

விவசாயத்திலும் இதே இழுபறி உண்டு. 2020இல் டில்லி மூன்று விவசாயச் சட்டங்களை இயற்றியது. விவசாயம் இராச்சியப் பட்டியலில் இருக்க, உணவுப்பொருள் வியாபாரம் பொதுப் பட்டியலில் உள்ளது என்பதை அது ஆதாரமாகக் காட்டியது. பஞ்சாப், அரியானா உழவர்கள் ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் அமர்ந்திருந்தனர். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் மூன்றும் நீக்கப்பட்டன. பட்டியலில் ஒரு வரி எங்கே இருக்கின்றது என்பது சட்டத்தரணிகளின் வெறும் வாதப்பொருள் அன்று. உழவன் வீட்டு அடுப்பைத் தொடும் விடயம் என்பதை இது காட்டுகின்றது.

பணத்தின் கதையும் அத்தகையதே. வரியிற் பெரும்பகுதியை டில்லியே சேர்க்கின்றது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதி ஆணைக்குழு கூடி, இராச்சியங்களின் பங்கு இவ்வளவு என்று விதந்துரைக்கவேண்டும் என்பது யாப்பின் கட்டளை. பதினான்காவது ஆணைக்குழு நூற்றுக்கு 42 என்றது. பதினைந்தாவது 41 என்றது. 2017இல் வந்த பொருள் சேவை வரிச் சபையில் இராச்சியங்களுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு உண்டு. தாம் தருவதைவிடப் பெறுவது குறைவு என்று தமிழகம் முதலிய தென் இராச்சியங்கள் முறையிடுகின்றன. அம்முறைப்பாட்டில் நியாயம் இருக்கின்றது. எனினும் அவை முறையிடுவது எவ்வளவு பங்கு என்பதைப் பற்றி. நமது மாகாணங்களுக்கோ யாப்பு வழங்கிய வரிப் பங்கே இல்லை. நமது நிதி ஆணைக்குழு சிபார்சு செய்யும். திறைசேரி விரும்பியபோது விரும்பியதைக் கொடுக்கும்.

வெண்காயமும் டில்லியும்

பொருளாதாரத்தில் இந்தியாவின் பருமனைக் கண்டு மயங்குவோர் உளர். உலகின் பெரிய பொருளாதாரங்களுள் முதல் ஐந்தாறு இடங்களில் அது இருப்பது உண்மையே. ஆனால் தலைக்குரிய வருமானத்தில் அது இலங்கையைவிடக் குறைந்தது. உழைப்போரில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பேர் விவசாயத்தில் இருக்கின்றனர். தேசிய உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ நூற்றுக்கு 18 அளவுதான். ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு அரசாங்கமே தானியம் வழங்குகின்றது.

ஆயினும் அந்நாடு எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் நினைக்கவேண்டும். 1966இல், பெரும் வரட்சியின்போது, ஏறக்குறைய ஒரு கோடி தொன் தானியத்தை அது இறக்குமதி செய்தது. சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியாகவும் எம். எஸ். சுவாமிநாதன் விஞ்ஞானியாகவும் முன்னின்ற பசுமைப் புரட்சி அந்நிலையை மாற்றியது. இன்று உலகிலேயே அதிக அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. அதற்குப் பஞ்சாப் கொடுத்த விலையும் உண்டு. குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அங்கே நீர்மட்டம் ஆண்டுதோறும் கீழிறங்குகின்றது. சுண்ணக்கல்லினுள் தங்கியுள்ள நன்னீரை மாத்திரம் நம்பி வாழும் குடாநாட்டுக் கமக்காரன் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். நமது கிணறுகளில் உவரும் உரத்தின் நைத்திரேற்றும் ஏறிவருவது எல்லோரும் அறிந்ததே.

வெண்காயத்துக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில் நமது வெண்காயமும் மிளகாயும் குடாநாட்டில் பல கல்வீடுகளைக் கட்டின. 1977க்குப் பின் கதவு திறந்தது, சந்தை சரிந்தது. இன்று நாசிக் மாவட்டத்து லாசல்கான் சந்தையில் விலை ஏறினால் டில்லி ஏற்றுமதியைத் தடுக்கின்றது. 2019இலும் 2023 டிசம்பரிலும் அவ்வாறே செய்தது. அப்போது கொழும்பில் விலை வானளாவுகின்றது. அங்கே விளைவு பெருகினால் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றது. அப்போது நமது தோட்டக்காரனின் அறுவடை அடிமாட்டு விலைக்குப் போகின்றது. டில்லி தன் நுகர்வோரையும் தன் உழவரையும் எண்ணித் தீர்மானம் செய்கின்றது. கொழும்பு தன் நுகர்வோரை எண்ணித் தீர்மானம் செய்கின்றது. குடாநாட்டுக் கமக்காரனை எண்ணித் தீர்மானம் செய்ய எவரிடம் அதிகாரம் இருக்கின்றது? ஒருவரிடமும் இல்லை. அதிகாரப் பகிர்வு என்பது படித்தவர்களின் மேடைப் பேச்சு என்று எண்ணும் கமக்காரர் இந்த வினாவை ஒருமுறை தம்மையே கேட்டுப் பார்க்கட்டும்.

டில்லியும் சென்னையும்

நம்மவர் பலர் செய்யும் பெருந்தவறு, தமிழகத்து மக்களின் அனுதாபத்தை டில்லியின் கொள்கை என்று எண்ணுவதே. வெளிவிவகாரமும் உடன்படிக்கைகளும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. சென்னைச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றலாம், உடன்படிக்கை செய்யமுடியாது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டபோது, பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. 1974இல் கச்சதீவுக்கு மேற்கே கடலெல்லை வகுக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் சம்மதத்தை யாப்பு வேண்டி நிற்கவில்லை. 2022இல் இலங்கை வங்குரோத்து நிலையடைந்தபோது ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியைத் துரிதமாக அளித்ததும் அதே டில்லிதான். பகையும் அன்புமன்று, நலனே ஓர் அரசை இயக்குகின்றது.

கடற்றொழிலாளர் விவகாரம் இதனை இன்னும் தெளிவாக்கும். தமிழகத்து இழுவைப்படகுகள் நமது கடலின் அடியையே வாரிச் செல்கின்றன. வடக்குக் கடற்றொழிலாளியின் வலை அறுபடுகின்றது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்திய யாப்பிலே மீன்பிடி இராச்சியங்களுக்கு உரியது. கடலெல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடி ஒன்றியத்துக்கு உரியது. ஆகவே இதில் சென்னையோடும் பேசவேண்டும், டில்லியோடும் பேசவேண்டும். அக்கரைத் தொழிலாளியும் தமிழன்தான்; அவனும் முதலாளியின் படகில் கூலிக்கு ஏறுபவன்தான். அதற்காக நமது கடலை அழிய விடமுடியாது. உறவைக் காக்கவேண்டுமாயின் உரிமையைத் தெளிவாகப் பேசவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

புதிய அரசியல் யாப்பு என்ற பேச்சு இந்நாட்டில் அடிக்கடி எழுகின்றது. அது மீண்டும் எழும் நாளில் நாம் வெறுங்கையோடு போகலாகாது. சமஷ்டி என்ற சொல்லை ஏற்பார்களா மறுப்பார்களா என்று வாதாடிக் காலத்தைக் கழிப்பதும் போதாது. பொருளைக் கேட்போம். ஒற்றையாட்சி என்ற சொல் தீர்ப்புகளை ஆளாதிருக்கவேண்டும். தேசியக் கொள்கை என்ற திறந்த வாசல் அடைக்கப்படவேண்டும். காணியும் பொலிசும் எழுத்தில் மட்டுமன்றி நடைமுறையிலும் மாகாணத்திடம் இருக்கவேண்டும். வரியிலே பங்கு யாப்பினால் உறுதிசெய்யப்படவேண்டும். இந்தியாவின் மூன்றாம் உறுப்புரை போன்ற ஏற்பாடு இங்கே வாராதிருக்க, மாகாணத்தின் சம்மதமின்றி அதன் எல்லையும் அதிகாரமும் மாறா என்று எழுதவேண்டும். அயலவரின் நிறையை எடுத்துக்கொள்வதோடு குறையை நீக்கிக்கொள்வதும் அறிவுடைமை.

இதற்கிடையில் உடனே செய்யக்கூடியவை உண்டு. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இந்திய யாப்பின் ஏழாம் அட்டவணையையும் நமது ஒன்பதாம் அட்டவணையையும் அருகருகே வைத்து, கிராமந்தோறும் வாசிகசாலைகளில் விளக்கவேண்டும். கமக்காரர் சங்கங்கள் வெண்காய அறுவடை மாதங்களையும் இறக்குமதித் தீர்வை மாற்றங்களையும் ஆண்டுவாரியாகக் கணக்கெடுத்து, அறுவடைக் காலத்தில் இறக்குமதி கட்டுப்படவேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் தம் இழப்பைப் பதிவுசெய்து, டில்லிக்கும் சென்னைக்கும் வெவ்வேறாக முறையிடவேண்டும். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதை யாத்திரைக்கு மாத்திரம் பயன்படுத்தாது, அங்குள்ள விவசாயக் கல்லூரிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் உள்ளூராட்சி முறைகளையும் கண்டுவரப் பயன்படுத்தவேண்டும்.

இந்தியா நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருந்த தலைமுறையும் கடந்தது. இந்தியாவே நம்மைக் கெடுத்தது என்று கசந்திருந்த தலைமுறையும் கடந்துகொண்டிருக்கின்றது. அடுத்த தலைமுறை அதனைக் கற்ற தலைமுறையாய் இருக்கட்டும். தெலுங்கரும் தமிழரும் பஞ்சாபியரும் டில்லியின் கருணைக்காகக் காத்திராது, கேட்டும் வாதாடியும் உறுதியோடு அமர்ந்திருந்துமே தம் உரிமையைப் பெற்றனர். பாரதம் நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.